மரியாதையாகத்தான் சொன்னாள்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படும் வாய்ப்பைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். நாற்பத்தொரு வயதில், பள்ளியில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் என்ற திமிரோடு திரிந்துகொண்டிருந்த நான், ஒரு பெண் கோபத்தில் என்னை ‘நீங்க’ என்றதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டது மட்டுமல்ல. அந்த மரியாதைக்குத் தகுந்த ஆளாக நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறு பேர் முன்னால் அவளுக்கு ஓர் உத்தரவும் போட்டேன். ஒரு மாட்டுக்குக்கூட யார் எதற்காகக் குரலை மாற்றுகிறார்கள் என்று தெரியும்.

தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. தோ பாயோ வட்டாரத்தில் இருபத்துச் சொச்சம் அடுக்குமாடி ப்ளாக்குகள் என் பொறுப்பில். ஒரே நாளில் நாற்பது தடவை மேலே போய் நாற்பது தடவை கீழே வருகிறவன். ஆசை விஷயத்திலும் அப்படித்தான் என்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்கே புரிந்தது. வயது வந்த இரண்டு பேர், மனம் ஒப்பி, இந்த நேரம் முடியும்வரை ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பார் என்று வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. சொல்கிறவர் டாம், கேட்கிறவர் சப். செவ்வாய்க்கிழமை சொல்லவும் வியாழக்கிழமை கேட்கவும் ஆசைப்படுகிற என்னைப் போன்ற இரண்டும்கெட்டானுக்கு சுவிட்ச் என்று பெயர். ஒருவர் என்னிடம் முதன்முதலாக, “நீங்க சுவிட்சா?” என்று கேட்டபோது வேலை விஷயம் என்று நினைத்து, “எத்தனை ஆம்பியர்?” என்று கேட்டேன். இந்த வாழ்க்கையில் என் முதல் வசனம் அது.

நகரத்தில் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் கூட்டம் ஒன்று இருந்தது. போனேன். நல்ல மனிதர்கள், கேக்கெல்லாம் வெட்டினார்கள். ஆனால் எனக்கு அங்கே எதுவும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. ஆங்கிலத்தில் முதலாளிக்கும் ‘யூ’, பூனைக்கும் ‘யூ’. ‘யூ நீல்’, அதாவது மண்டியிடு, என்று ஒருவர் கம்பீரமாகச் சொன்னால் எனக்குத் தொடக்கப்பள்ளி ஆங்கில ஆசிரியை நினைவுக்கு வந்து, வீட்டுப்பாடத்தைத் தேடத் தோன்றும். ‘உக்காரு’ என்பதற்கும் ‘உக்காருங்க’ என்பதற்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் என் ஆசை குடியிருந்தது. அந்தப் பள்ளம் தமிழில் மட்டுமே இருந்தது.

தமிழ் மேசை ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. லிட்டில் இந்தியாவில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில், மாதத்தின் கடைசி ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருக்களில் தோளோடு தோள் உரசுகிற கூட்டம். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஒளிய வேண்டிய அவசியமும் இருந்தது. இந்தத் தீவில் எந்தத் தமிழரைச் சுரண்டினாலும் உள்ளே ஒரு சித்தப்பா இருப்பார். கோயிலில் பார்த்தவர் கல்யாணத்தில் வருவார், கல்யாணத்தில் பார்த்தவர் உங்கள் மேலதிகாரிக்கு மச்சானாக இருப்பார். அதனால் கடைக்காரரிடம் எங்களைப் பட்டிமன்றப் பயிற்சிக் குழு என்று சொல்லி வைத்திருந்தார்கள். பரிமாறுகிற தம்பி ஒவ்வொரு முறையும் உண்மையான ஆர்வத்தோடு கேட்பார்: “இன்னிக்கு என்ன தலைப்புண்ணே?”

எட்டுப் பேர்தான். கூட்டத்தை நடத்தியவர் ஐம்பத்தைந்து வயது அக்கா, மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்தவர். பட்டிமன்றம் என்ற பொய்க்குப் பொருத்தமாக அவரை நடுவர் என்று கூப்பிடுவோம். எல்லாரையும் ‘நீ’ என்றுதான் அழைப்பார், ஊசி போடுகிற அதே பாசத்தோடு. அவருக்குப் பக்கத்தில் எப்போதும் அத்தர் வியாபாரம் செய்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், எங்கள் எல்லாருக்கும் ‘நானா’. நாக்கில் பிளேடு வைத்திருப்பவர். முதல் நாள் நான் என்னை அறிமுகம் செய்துகொண்டபோது, “ரெண்டு அணியிலயும் பேசுறவனா? அப்போ எந்த அணியிலயும் ஜெயிக்க மாட்ட லா,” என்றார்.

நடுவரின் விதிகள் இரண்டு. ஒன்று, ‘சிவப்பு’ என்று யார் சொன்னாலும் எல்லாம் அந்த நொடியில் நிற்கும். இரண்டு, தனியாக நம்பிச் சொன்ன வீட்டுக் கதை மேசைக்கு வராது. “ரெண்டே ரெண்டுதான். மறந்துட்டேன்னு சொல்லாதீங்க,” என்பார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு அனுபவம் அதிகம்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். என்னைவிட ஐந்து வயது சிறியவள். சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை. ஆபத்தான பொருள்கள் என்று ஒரு வகை உண்டாம். பேட்டரி, பெயின்ட், அமிலம் என்று எது விமானத்தில் ஏறலாம், எது ஏறக்கூடாது என்று முத்திரை குத்துவது அவள். விவாகரத்து ஆனவள். தோ பாயோவில் அம்மாவோடு எட்டாவது மாடியில் குடியிருந்தாள். அது என் ப்ளாக். அதாவது, அந்த லிஃப்ட் என் லிஃப்ட். தெரிந்த நாளிலிருந்து அதன் கதவுத் தண்டவாளத்தைக் கோயில் குத்துவிளக்கு மாதிரி துடைத்து வைத்தேன்.

அவளும் சுவிட்ச். இரண்டு சுவிட்ச் சேர்ந்தால் பெரிய கேள்வி, இன்று யார் மேலே? ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்வது எங்களுக்குப் பிடிக்கவில்லை. அவள்தான் வழி கண்டுபிடித்தாள். சாதாரண நாளில் இரண்டு பேருக்குள்ளும் நீ, நீ. யாராவது ஒருவர் திடீரென்று மற்றவரை ‘நீங்க’ என்றால், கடிவாளத்தை எடுத்து நீட்டுகிறார் என்று அர்த்தம். எதிராள் ‘நீ’ என்றே தொடர்ந்தால் வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். எம்ஆர்டி ரயிலில் செய்யலாம், சந்தையில் செய்யலாம். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. இலக்கணம் எங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருந்தது, வாடகையில்லாமல்.

தேக்கா சந்தையில் ஒரு சனிக்கிழமை காலை, அவள் சொல்கிற நாள்.

“வெண்டைக்காய் முனைய ஒடிச்சுப் பாத்தியா?”

“இல்லீங்க.”

“பாக்காம என்னத்த எடுத்த? எல்லாத்தையும் கொட்டு. மறுபடி எடு.”

“சரிங்க.”

காய்கறிக்கார ஆன்ட்டிக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா, புருசன இப்படியா பேசுறது?”

“புருசன் இல்ல ஆன்ட்டி.”

“அதான பாத்தேன். புருசன்னா சொன்னதக் கேக்க மாட்டானே,” என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி எடை போட்டார்.

என் நாட்களில் வேறு மாதிரி. வேலை முடிந்து கோப்பிக் கடையில் வந்து உட்காருவாள். “நீங்களே சொல்லுங்க,” என்பாள். “கோப்பி வேணாம். தே ஹாலியா குடி. போன உள்ள வை. பேசாத,” என்பேன். இஞ்சித் தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா இருப்பாள். அவள் தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்குவதை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். “காலையிலேர்ந்து எது ஏறலாம் எது ஏறக்கூடாதுன்னு நான்தான் சொல்றேன். கொஞ்ச நேரம் வேற யாராச்சும் சொல்லட்டும்,” என்றாள் ஒரு நாள். என்னிடம் யாரும் அப்படி எதையும் ஒப்படைத்ததில்லை. என் மேலதிகாரி எனக்கு ஏணிகூடக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவார்.

சாங்கியிலிருந்து திரும்பும் ரயிலில் ஒரு மாலை அவள் கல்யாணக் கதையைச் சொன்னாள்.

“எட்டு வருசம் நான் அவர நீங்கன்னேன். அவரு என்ன நீ, ஏய், இந்தா. டைவர்ஸ் பேப்பர் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும் நீன்னு சொல்லணும்னு ஆசை. பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு பழகுனேன். பல்லு தேச்சிட்டு, வாய் கொப்பளிச்சிட்டு, நீ. நீ போ. முதல் ஒரு வாரம் சத்தமே வரல தெரியுமா?”

“கடைசில சொன்னியா?”

“இல்ல. ‘இங்க கையெழுத்துப் போடுங்க’ன்னேன்.”

நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “நான் நீன்னு கூப்பிடுற முதல் ஆம்பள நீதான்.” ரயில் ஏதோ ஒரு நிலையத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் ஏதோ நகைச்சுவை சொன்னேன். என்ன என்று நினைவில்லை என்று எழுதத்தான் ஆசை.

இனி அந்த ஞாயிறு.

அன்று அவள் நாள். நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அவளுக்கு மட்டும் பரிமாறினேன். அவள் ‘உக்காரு’ என்று சொல்லும்வரை நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். நானா கையை நக்கிக்கொண்டே, “தம்பி வாளியோட பொறந்தவன் மாதிரி இருக்கான் பாரு,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். யாராவது சிரித்தால் எனக்கு நிற்காது. லிஃப்ட் என்றால் வேகம் மீறினால் தானாகக் கவ்விப் பிடிக்க ஒரு பிரேக் இருக்கும். என்னைச் செய்தவர்கள் அதை வைக்க மறந்துவிட்டார்கள்.

நான் இன்னொன்று சொன்னேன், சிரித்தார்கள். இன்னொன்று. பிறகு கையிருப்பு தீர்ந்துபோனது. தீர்ந்ததும், எடுத்துவிட்டேன், பாத்ரூம் கண்ணாடிக் கதையை. வெறுமனே சொல்லவில்லை, நடித்தேன். பாயசக் கரண்டிதான் டூத்பிரஷ். நாக்கைச் சுருட்டி, கண்ணை உருட்டி, சத்தமே வராமல் ‘நீ’ என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன், தொட்டியில் மீன் மாதிரி. ‘இங்க கையெழுத்துப் போடுங்க’ என்ற இடத்தில் குனிந்து கும்பிட்டேன். மேசை அதிர்ந்தது. ஒருவருக்குப் புரையேறியது. என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய கைதட்டல் நான் வாங்கியதில்லை.

அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

“இத இங்க சொல்றதுக்கு நீங்க என்கிட்ட கேட்டீங்களா?”

அந்த வாக்கியத்தில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. என் காதில் இரண்டுதான் விழுந்தன. நீங்க. கேட்டீங்களா.

“அட, ஆட்சி மாறிப்போச்சு!” என்று மேசையைத் தட்டி அறிவித்தேன். கடிவாளம் என் கைக்கு வந்துவிட்டதாம். வாளியைக் கீழே வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை அகட்டி உட்கார்ந்தேன். கை கழுவும் இடத்தில் ஒரு கண்ணாடி இருந்தது, ஓரம் கறுத்த கண்ணாடி. அதைக் கையால் காட்டினேன்.

“எந்திரி. அங்க போயி நில்லு. எப்படிப் பழகுனன்னு நீயே காட்டு.”

நடுவர் பாதி எழுந்துவிட்டார். அவளைப் பார்த்து, “உனக்கு ஓகேவாம்மா?” என்றார்.

“பரவால்லக்கா. அவங்க சொல்றாங்கல்ல.”

அவங்க. இன்னும் ஒரு படி மேலே. எனக்குத் தலை கூரையில் இடித்தது.

அவள் எழுந்தாள். நிதானமாகத்தான் நடந்தாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், குழாயை மூடினாள், கண்ணாடியைப் பார்த்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து கண்ணாடியில் என் முகம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் கண் தெரிந்தது.

“நீ,” என்றாள். சத்தம் நன்றாக வந்தது. “நீ போ.”

கைதட்டினார்கள். முதலில் தட்டியது யார் என்று கேட்காதீர்கள். அவள் கைக்குட்டையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து, கைப்பையை எடுத்தாள். “வர்றேங்க,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள். பாதி இலையில் சோறு அப்படியே இருந்தது.

“நடிப்புன்னா இது,” என்றேன் நான்.

இலை எடுக்க வந்த தம்பி, “எந்த அணிண்ணே ஜெயிச்சுது?” என்று கேட்டார்.

“நம்ம அணிதான்.”

அன்று மாலை, ‘கலக்கிட்ட போ’ என்று ஒரு செய்தி அனுப்பினேன். மறுநாள் ஒரு சிரிப்புப் படம். அதற்கு மறுநாள், ‘வெண்டைக்காய் வாங்கணுமாங்க?’ என்று கேட்டு, நானே கடிவாளத்தை நீட்டிப் பார்த்தேன். எதற்கும் இரண்டாவது டிக் விழவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டாள் என்று புரிய எனக்கு ஐந்து நாள் ஆனது. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு என்பதை மறுபடியும் நினைவுபடுத்துகிறேன்.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு, நடுவர் என்னை இரண்டரைக்கே வரச் சொன்னார். போனால் மற்ற ஆறு பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவள் இல்லை. யாருக்கும் இலை போடவில்லை.

“இன்னிக்கு என்ன தலைப்புக்கா?” என்றேன், சூழ்நிலையை இளக்க.

“நீதான்,” என்றார்.

வீட்டுக் கதையை மேசைக்குக் கொண்டுவந்தது பற்றிக் கேட்டார். ஒத்துக்கொண்டேன். மறுக்க முடியாது, கையில் கரண்டி வைத்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் உத்தரவு போட்டது என் தவறில்லை என்று வாதாடினேன். எங்கள் ஏற்பாடு இது, அவள் நீங்க என்றாள், நான் வாங்கிக்கொண்டேன், ‘சிவப்பு’ என்று அவள் சொல்லவே இல்லை, நீங்களே கேட்டபோதுகூடப் பரவாயில்லை என்றாள். தமிழ் செய்த சதி, நான் என்ன செய்ய? நன்றாகப் பேசினேன். இரண்டு இடத்தில் சிரிப்பு வருவதற்கு இடைவெளிகூட விட்டேன். இடைவெளி இடைவெளியாகவே இருந்தது.

“கோவத்துலதான் அவ நீங்கன்னு சொன்னா. அது உனக்குத் தெரியல?”

“எனக்கு எப்படித் தெரியும்க்கா? என்ன ஜோசியமா?”

நடுவர் கைபேசியை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அவ அனுப்பியிருக்கா. படிக்கிறேன். ‘கோவம் வந்தா எனக்குத் திட்ட வராது, நீங்கதான் வரும்னு அவருகிட்ட ரயில்ல சொன்னேன். நம்ம ஆட்டத்துல இது குழப்பம் பண்ணும், அந்த நீங்க எதுன்னு என் முகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கன்னு கேட்டுக்கிட்டேன். அவரு சிரிச்சாரு. அப்போ நீ கோவப்பட்டா எனக்கு ராஜயோகம்னாரு.’”

ஆமாம். அதுதான் நான் அன்று ரயிலில் சொன்ன நகைச்சுவை. மேலே அந்தக் காட்சியை எழுதும்போது அதை மட்டும் விட்டுவிட்டேன். முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டேனே, அது முட்டாள்தனமே இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது. மேசையைத் தட்டிய அந்த நொடியில் எங்கோ ஓர் ஓரத்தில் தெரிந்தும் இருந்தது. முகத்தைப் பார் என்று சொல்லியிருந்தாள், நான் கைதட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மறந்துட்டேன்,” என்றேன்.

நானா இதுவரை பேசவில்லை. “தம்பி, நான் முப்பது வருசமா அத்தர் விக்கிறேன். எது நாறுதுன்னு எனக்குத் தெரியும்.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வந்தது, நல்ல வரி என்பதால். அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

“எட்டு வருசம் பழகுன ஒடம்பு அது,” என்றார் நடுவர். “ஆம்பள குரல் ஒசத்தி நில்லுன்னா நிக்கும். நீ வெளையாட்டுல சொன்னியா நெசமா சொன்னியான்னு அதுக்குத் தெரியாது. நான் கேட்டேன், அவ பரவால்லன்னா, நானும் விட்டுட்டேன். அந்தப் பாவம் என்னோடது, அத நான் பாத்துக்கறேன். நீ இனிமே வராத.”

“எவ்வளவு நாளைக்குக்கா?”

“இது ஸ்கூல் இல்ல, மூணு நாள் வீட்டுல உக்கார வைக்கிறதுக்கு.”

“அக்கா, இந்த ஊர்ல எனக்கு வேற மேசை இல்ல.”

சொல்லும்போதே என் குரல் என்னுடையது மாதிரி இல்லை. நகைச்சுவை எதுவும் கைவசம் இல்லாமல் நான் பேசிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

“அவளுக்கும்தான் இல்ல. நீ உக்காந்தா அவ வர மாட்டா. உன்ன எழுப்புனா வருவா.”

“ஜொகூர் பக்கம்தான,” என்றார் நானா. “பாலத்த தாண்டிப் போயித் தேடு. அங்க உன் கதை தெரியாது. ஒரு வாரத்துக்கு.”

அப்போது பரிமாறுகிற தம்பி இலைக்கட்டோடு வந்து, பழக்கத்தில் என் முன்னால் முதல் இலையை விரித்தார். தண்ணீர் தெளித்தார். நடுவர் அந்த இலையை இரண்டு விரலால் தூக்கித் திருப்பிக் கொடுத்தார். “அண்ணனுக்கு வேணாம்ப்பா. கிளம்புறாரு.” பிறகு என் பக்கம் திரும்பி, ஊசி போடுகிற குரலில் இல்லாமல், வங்கியில் பேசுகிற குரலில் சொன்னார்:

“நீங்க கிளம்பலாம்.”

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் ‘நீங்க’. இந்தத் தடவை எனக்கு உடனே புரிந்தது. பாருங்கள், பாடம் சரியாக நடத்தினால் படிக்கிற பையன்தான்.

நான்கு மாதம் ஓடியது. ஆங்கிலக் கூட்டத்துக்கு ஒரு முறை போனேன். கேக் வெட்டினார்கள். ஜொகூருக்குப் போனேன், எல்லைப் பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, டயரை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பினேன். தேக்காவில் காய்கறிக்கார ஆன்ட்டி, “தனியாவா வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வெண்டைக்காயைத் தானே ஒடித்துப் பார்த்துப் போட்டார். அது எனக்கு அவமானமாக இருந்தது.

மன்னிப்பு மட்டும் தயாராக இருந்தது. லிஃப்ட் குழியில் இறங்கி எண்ணெய் போடும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். முதலில் நீளமாக இருந்தது, பிறகு இன்னும் நீளமானது. நடுவில் மூன்று நகைச்சுவைகளும் வந்து உட்கார்ந்துகொண்டன. எடுத்துவிட நினைத்தேன். ஒன்றை எடுத்தேன். ஒவ்வொரு மாதமும் அவள் ப்ளாக்குக்குப் பராமரிப்புக்குப் போனேன். மாற்றிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எட்டாவது மாடியில் கதவு திறந்து மூடுவதைப் பத்துத் தடவை சோதிப்பேன். ஒருமுறைகூட அவள் வரவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அழைப்பு. அந்த ப்ளாக், அந்த லிஃப்ட், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒருவர். சத்தியமாக நான் நிறுத்தவில்லை. யாரோ சாவிக்கொத்தைக் கதவுத் தண்டவாளத்தில் போட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானாக இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

என் கூட்டாளி, பர்மாக்காரர், பெட்டியை மெதுவாக இறக்குவதற்காக மேலே மோட்டார் அறைக்குப் போனார். நான் ஏழாவது மாடியில் கதவுக்கு முன்னால் நின்றேன். உள்ளேயிருந்து தொலைபேசியில் பேசும் குரல் கேட்டது.

“ஆமா, லேட்டாகும். லிஃப்டுல மாட்டிக்கிட்டேன்… இல்ல, பயமெல்லாம் இல்ல. ஆள் வந்துட்டாங்க.”

அவள் குரல். கதவை இடித்துக்கொண்டு என் பக்கம் வந்தது.

பெட்டி ஒரு விரல், இரண்டு விரலாக இறங்கி, மட்டத்துக்கு வந்து நின்றது. மேலேயிருந்து கூட்டாளி வாக்கிடாக்கியில், “ஓகே, ஓப்பன்,” என்றார். முக்கோணச் சாவி என் கையில் இருந்தது. ஓட்டைக்குள் நுழைத்தேன். கால் சுற்று திருப்பினால் திறந்துவிடும்.

திருப்பவில்லை.

“நான்தாங்க,” என்றேன் கதவின் நடுக்கோட்டைப் பார்த்து.

உள்ளே தொலைபேசிப் பேச்சு நின்றது.

எனக்கு வாய் வந்துவிட்டது. அன்றைக்கு நான் செய்தது தப்புங்க, என்றேன். மறந்துட்டேன்னு சொன்னது பொய்ங்க. ரயில்ல நீங்க சொன்னது அப்பவே எனக்கு ஞாபகம் இருந்துச்சுங்க. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு அது போதும்னு இருந்துச்சுங்க. என்ன மேசையிலேர்ந்து எடுத்துட்டாங்க, அது சரிதாங்க, நீங்க அங்க போறீங்கன்னு கேள்விப்பட்டேன், நல்லா இருங்க. இனிமே கூப்பிட மாட்டேங்க, ஒரே ஒரு தடவ நீ போடான்னு சொல்லிட்டீங்கன்னா நான் போயிடுவேங்க. சொன்னேன், சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். இடையில் ஒரு நகைச்சுவையும் தலையை நீட்டியது: லிஃப்டுல மாட்டுனவங்களுக்குத்தான் நான் பேசுறத முழுசாக் கேக்குற பொறுமை இருக்கு போல. அதையும் சொல்லிவிட்டேன். வாக்கிடாக்கியில் கூட்டாளி இரண்டாவது தடவை, “ஓப்பன் ஆ?” என்று கேட்டார். சத்தத்தைக் குறைத்தேன். சாவி ஓட்டையில் இருந்தது, என் விரல்கள் சாவியில் இருந்தன.

கடைசியில் நான் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

உள்ளே கைப்பையின் வார் தோளில் ஏறும் சத்தம். ஓர் அடி முன்னால் வைக்கும் சத்தம். பிறகு கதவுக்கு மிக அருகில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல்:

“கதவத் திறங்க.”